அரண்மனை வாயிலின் மணி: சயாமில் அரசும் சொல்லும்

சயாம் என்று முன்னர் வழங்கிய தாய்லாந்தின் பழந்தலைநகர்களுள் ஒன்று சுகோதை. அங்குக் கிடைத்ததும் 1292ஆம் ஆண்டினது என்று கொள்ளப்படுவதுமான கல்வெட்டொன்று ஒரு மணியைப் பற்றிப் பேசுகிறது. இராம்காம்ஹேங் மன்னன் தன் வாயிலில் மணி கட்டியிருந்தான். குறையுடைய குடிமகன் எவனும் அதை ஒலிக்கலாம். மன்னனே வந்து வழக்குக் கேட்பான் என்பது அச்செய்தி. தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. சோழனின் வாயில்மணியைச் சிலப்பதிகாரம் தொட்டு நாம் அறிவோம். அதே மணியைப் பௌத்த நூலாகிய மகாவம்சம் எல்லாளனுக்கு உரியதாக்கிப் போற்றுவதையும் அறிவோம். சுகோதைக் கல்வெட்டு மிகப் பிற்காலத்தது, 1833இல் அதைக் கண்டெடுத்த இளவரசர் மோங்குட்டின் காலத்திலேயே எழுதப்பட்டது என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். அவர்கள் கூற்றே உண்மையாயினும், நல்லரசு எப்படியிருக்க வேண்டுமென்று அந்நாடு கண்ட கனவுக்கு அம்மணி சான்றாகவே நிற்கும்.

அக்கனவின் வேர் பௌத்தத்தில் உள்ளது. தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தம் முதல் மன்னனை ‘மகாசம்மதன்’ என்கிறது. களவும் சண்டையும் பெருகியபோது மக்கள் கூடித் தம்முள் ஒருவனைத் தேர்ந்து, விளைச்சலில் பங்கு தந்து, காவற்பணியில் அமர்த்தினர். பலரால் சம்மதிக்கப்பட்டவன் என்பதே அப்பெயரின் பொருள். மன்னனுக்குரிய பத்து அறங்களையும் பாலி மரபு வகுத்துள்ளது. ஈகையும் ஒழுக்கமும் அப்பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. சினவாமை, பொறுமை, மாறுபடாமை என்பனவும் அவற்றுள் அடங்கும் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. செவி கசக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனைப் புகழ்ந்த வள்ளுவர்க்கு இவ்வறங்கள் அயலானவை அல்ல.

ஆயின் சயாமிய அரண்மனைக்குள் வேறொரு மரபும் புகுந்தது. அங்கோர் வழியே வந்த தேவராசக் கொள்கையும் பிராமணச் சடங்குகளும் மன்னனைத் தெய்வமாக்கின. அயுத்தியாக் காலத்து ‘நீர்ச் சூளுரை’ இதற்குச் சிறந்த சான்று. படைக்கலங்கள் தோய்ந்த நீரை அதிகாரிகள் அருந்தி, மன்னனுக்கு மாறு நினைப்பின் அந்நீரே தம்மைக் கொல்லுமென ஆணையிடுவர். அச்சூளுரைப் பாட்டு தாய் இலக்கியத்தின் மிகப் பழைய படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஓர் இலக்கியத்தின் தொடக்கத்தில் சாபம் நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாங்காக்கின் அரசவைப் பிராமணர் திருவெம்பாவையைப் பொருளறியாது, உருச்சிதைந்த ஒலியில் இன்றளவும் ஓதிவருவதும் இம்மரபின் எச்சமே. நம் மொழி அங்கே மந்திரமாக நிற்கிறது, பேச்சாக நிற்கவில்லை.

அரசவைக்கென்றே வழங்கும் ‘இராசசப்தம்’ என்னும் மொழிநடை இதனினும் நுட்பமானது. மன்னனை நேரே விளிக்கத் தாய் மொழியில் முன்னிலைச் சொல் இல்லை. ‘திருவடித் துகளின் கீழ்’ என்னும் பொருள்படும் நீண்ட தொடரே அவ்விடத்தில் நிற்கும். அதாவது, பேசுவோன் மன்னனோடு பேசுவதில்லை. மன்னன் பாதத்தின் தூசியோடு பேசுகிறான். 1873இல் சுலாலங்கோர்ன் மன்னர் தம்முன் குடிகள் தரையில் வீழ்ந்து கிடக்கும் வழக்கத்தை நீக்கினார். உடல் நிமிர்ந்தது, இலக்கணம் நிமிரவில்லை. பின்னாளில் உடலும் பழைய நிலைக்கே மீண்டது வேறு கதை.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே அகப்பட்டோர் எழுதுவோரே. நாராய் மன்னர் (1656–1688) அவையில் விளங்கிய ஸ்ரீ பிராத் என்னும் கவிஞர் தெற்கே நகோன் சி தம்மராத்துக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு ஆளுநரின் சினத்துக்கு இரையாகி வெட்டுண்டார். சாகுமுன் மணலில் கவிதை எழுதித் தம்மைக் கொல்லும் வாளே கொல்வோனையும் கொல்லும் என்றார். அவ்வாறே நிகழ்ந்தது என்பது கதை. இப்படியொருவர் வாழ்ந்தாரா என்பதே ஐயம். எனினும் ஒரு மக்கட்கூட்டம் தன் கவிஞனுக்கு இத்தகைய முடிவைக் கற்பித்து வைத்திருப்பதே ஒரு வரலாறு. ஐயத்துக்கு இடமற்றவர் தியன்வான். பிறருக்கு மனு எழுதித் தந்ததன் தொடர்பில் 1882இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகள் உள்ளே கிடந்து, வெளிவந்தபின் இதழ் நடத்தி நாடாளுமன்றம் வேண்டுமென்று எழுதினார். மணியை ஒலிக்கப் பிறர்க்குக் கைகொடுத்தமைக்கு அவர் பெற்ற பரிசு அது.

1932 சூன் 24 அன்று முழு முடியாட்சி முடிவுற்றது. அரசியலமைப்பு வந்தது, மன்னர் மீற முடியாத புனித நிலையினர் என்ற தொடரும் அதனுள் வந்தது. மகாசம்மதனும் தேவராசனும் ஒரே ஏட்டில் குடியேறினர் எனலாம்.

இம்முரணைத் தம் வாழ்வாகவே வாழ்ந்தவர் ஜித் பூமிசக் (1930–1966). மொழியியலாளர், கவிஞர், வரலாற்றாசிரியர். 1953இல் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில், அம்மன்னரின் நினைவுநாளையொட்டி ஆண்டுதோறும் வெளிவரும் மலருக்கு அவர் பதிப்பாசிரியரானார். வழக்கமான புகழ்மொழிகளைக் குறைத்து, சமயத்தின் பெயரால் பிழைக்கும் துறவியரைச் சாடும் தம் கட்டுரையைச் சேர்த்தார். மலர் முடக்கப்பட்டது. மாணவர் கூட்டத்தில் விளக்கம் அளிக்க மேடையேறிய அவரைச் சக மாணவர்களே தூக்கிக் கீழே எறிந்தனர். பல்கலைக்கழகமும் அவரை இடைநீக்கம் செய்தது. மலர் தொகுப்போர் பலர் எழுத்துப் பிழைக்கு அஞ்சுவர். அந்த இளைஞர்க்கு முதுகெலும்பே காயமுற்றது. 1957இல் தாய் நிலவுடைமைச் சமூகத்தின் மெய்ம்முகம் பற்றிப் புனைபெயரில் அவர் எழுதிய நூல், அரசு என்பது நிலத்தின் மீதான ஆதிக்கமே என்று நிறுவியது. 1958இல் கைதாகி ஆறாண்டுகள் சிறையிலிருந்தார். சயாம், தாய் என்னும் சொற்களின் வரலாற்றை ஆராய்ந்தார், பாடல்கள் புனைந்தார். நீர்ச் சூளுரையையும் அவர் ஆராய்ந்துள்ளார் என்பது குறிப்பிடத்தக்கது. விடுதலைக்குப்பின் காடு புகுந்த அவர் 1966 மே 5 அன்று சகோன் நகோனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பாடல்களை 1973இன் மாணவர் எழுச்சி மீட்டெடுத்தது.

அவ்வெழுச்சியால் நாடு நீங்கிய படைத்தலைவர் தனோம், 1976 செப்டம்பரில் காவியுடையில் திரும்பிவந்தார். எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டிய மின்வாரியத் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அக்கொலையைத் தம்மசாத் பல்கலைக்கழக மாணவர் நாடகமாக நடித்துக் காட்டினர். தொங்குபவராக நடித்தவரின் முகம் பட்டத்து இளவரசரை ஒத்திருக்கிறது என்று ஒரு நாளிதழ் படம் வெளியிட்டது. மறுநாள், அக்டோபர் 6, காவலரும் வலதுசாரிக் கும்பல்களும் பல்கலைக்கழகத்துள் புகுந்தனர். அரசுக் கணக்கின்படியே நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொதுவுடைமையரைக் கொல்வது பாவமாகாது என்று கித்திவுத்தோ என்னும் பிக்கு அவ்வாண்டே மொழிந்திருந்தார். கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட சமயத்துக்கு நேர்ந்த இவ்வவலம் பிறர் எள்ளத் தக்கதன்று, எச்சமயத்தார்க்கும் நேரக்கூடியது.

குருதி உலருமுன் சட்டம் கடுமையாயிற்று. அரசரை இழித்துரைப்போர்க்கு 1908ஆம் ஆண்டுத் தொகுப்பு 7 ஆண்டுவரை சிறை விதித்திருந்தது. 1976 அக்டோபர் 21 ஆணை, 112ஆம் பிரிவின் தண்டனையை ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் என உயர்த்தியது. எவரும் எவர்மீதும் முறையிடலாம் என்பது அதன் கூர்முனை. தம்மையும் குறைகூறலாம், மன்னன் தவறே செய்யான் என்பது அவனை மனிதனாகக் கருதாமையே எனும் கருத்தைப் பூமிபோல் மன்னர் 2005 திசம்பரில் வெளியிட்டார். பத்தறத்தின் குரல் அது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2013இல் கற்பனை நாடொன்றின் மன்னனைப் பற்றி மேடையேறிய நாடகத்துக்காக இளைஞர் இருவர் 2015இல் இரண்டரை ஆண்டுச் சிறை பெற்றனர்.

2020 ஆகத்து 3 அன்று வழக்கறிஞரும் கவிஞருமான அர்னோன் நாம்பா, மாயாசாலக் கதைமாந்தர் வேடமிட்டோர் நடுவே நின்று, முடியாட்சிச் சீர்திருத்தம் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஒரு வாரத்தில் தம்மசாத் வளாகத்தில் மாணவியொருவர் பத்துக் கோரிக்கைகளைப் படித்தார். 112ஆம் பிரிவை நீக்குதல் அவற்றுள் ஒன்று. இக்கோரிக்கைகள் ஆட்சிமுறையைக் கவிழ்க்கும் நோக்கின என்று 2021 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பிரிவைத் திருத்த முயன்றதற்காகவே, 2023 தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சி 2024 ஆகத்தில் கலைக்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் இப்பிரிவின்கீழ் வழக்குக்கு உள்ளானோர் 270க்கும் மேற்பட்டோர். அர்னோன் 2023 செப்டம்பரில் நான்காண்டுத் தண்டனை பெற்றார்; பின்வந்த தீர்ப்புகளையும் கூட்ட, அது 20 ஆண்டுகளைக் கடந்தது.

2020 நவம்பர் 8 அன்று போராட்டக்காரர் அரண்மனை நோக்கி நடந்தனர். மன்னருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதியிருந்தனர். அவற்றை இடத் தாமே அஞ்சற்பெட்டிகள் செய்து கொண்டுவந்தனர். காவலர் நீர் பீய்ச்சினர். நனைந்தவர்கள் கடிதங்களைப் பெட்டிகளில் இட்டுக் கலைந்தனர். பின்னர்ச் சிறைப்பட்ட அர்னோன், பாங்காக் சிறையிலிருந்தவாறு தம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதலானார்.