ஆலை வளர்த்த அணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள ஊர் கரடியனாறு. வேளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்த பின்னர், வெறுமையாய்க் கிடக்கும் வயல்வெளியிலே மாலைவேளையில் இளைஞர் உதைபந்தாடுவது அப்பகுதி ஊர்களுக்கெல்லாம் பொதுவான காட்சியாகும். வரம்பில் நின்று அதனைப் பார்க்கும் பெரியவர்கள், “பந்தடித்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்பதும் பொதுவான வழக்கமே. அக்கேள்வியில் ஏளனம் சிறிது இருப்பினும், கவலையே பெரிதாகும். திறமையுள்ள ஏழை இளைஞனொருவன் ஆட்டத்தையே நம்பி வாழ இயலுமா என்பது உலகெங்கும் எழுந்த கேள்வி. அதற்கு ஆலைகளும் கம்பனிகளும் ஒரு காலத்தில் அளித்த விடையே இங்கு ஆராயத்தக்கது.

தொழிற்சாலைக்கும் உதைபந்துக்கும் உள்ள உறவு பழமையானது. இங்கிலாந்தில் 1886ஆம் ஆண்டு வுல்விச் படைக்கலச் சாலைத் தொழிலாளர் அமைத்த அணியே பின்னர் ஆர்சனல் என்று புகழ்பெற்றது. 1895இல் தேம்சு நதிக்கரைக் கப்பல் தளத்துத் தொழிலாளரிடையே தோன்றிய அணியின் வழிவந்ததே வெஸ்ட் ஹாம் கழகம். ஒல்லாந்திலே பிலிப்சு கம்பனியின் பணியாளருக்கென 1913இல் அமைந்த கழகம் ஐரோப்பாவின் பெருங்கழகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஓய்வுநேர ஆட்டமாகத் தொடங்கியது நாளடைவில் உத்தியோகத்தோடு இணைந்தது. நன்றாக ஆடுபவனுக்கு ஆலையில் வேலை, வேலைக்குச் சம்பளம், சம்பளம் பெறுபவன் ஆலையின் நிறத்தை அணிந்து ஆடுவான். முழுநேரத் தொழிலாட்டக்காரனும் அல்லன், வெறும் பொழுதுபோக்குக்கு ஆடுபவனும் அல்லன் எனும் இந்த இடைநிலையைக் கிழக்கு நாடுகள் பலவும் மேற்கொண்டன.

இந்தியாவில் இந்த முறைக்குத் தலைசிறந்த சான்று பஞ்சாபிலே உள்ளது. லூதியானாவுக்கும் ஜலந்தருக்கும் இடையே உள்ள பக்வாரா எனும் தொழில்நகரில் ஜகத்ஜித் பருத்தி நெசவாலை அமைந்திருந்தது. கபூர்தலா மன்னர் ஜகத்ஜித் சிங்கின் பெயர் அதற்கு வழங்கிற்று. அந்த ஆலை 1971ஆம் ஆண்டில் உதைபந்தாட்டக் கழகமொன்றை நிறுவியது. ஜே. சி. டி. எனும் மூன்று எழுத்துகளாலேயே நாடு அதனை அறிந்தது.

இந்திய உதைபந்தின் தலைநகரம் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற கழகங்களுக்கு இலட்சக்கணக்கான இரசிகர்கள் இருந்தனர். பக்வாராவிலோ அத்தகைய கூட்டமும் இல்லை, நூற்றாண்டு மரபும் இல்லை. ஆயினும் ஆலை தரக்கூடியது ஒன்று உண்டு. அது நிலையான ஊதியம். பஞ்சாபின் பெரும் கோலடிப்பாளரான இந்தர் சிங் 1974இல் இவ்வணியைச் சேர்ந்தார். 1974-75ஆம் ஆண்டுச் சந்தோஷ் கிண்ணப் போட்டியில் பஞ்சாபுக்காக ஆடிய அவர் 23 கோல்களை அடித்தார். ஜலந்தரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் பஞ்சாப் 6 - 0 என வங்காளத்தை வென்றது. பின்னாளிலும் அவர் ஆலைக் கழகத்தின் பணியிலேயே நிலைத்தார். ஆட்டக்காரனின் கால்கள் தளர்ந்த பின்னும் அவனுக்கு ஓரிடம் உண்டு என்பதை இத்தகைய வாழ்க்கை காட்டிற்று.

கழகத்தின் பொற்காலம் 1990களின் நடுப்பகுதியாகும். கேரளத்திலிருந்து ஐ. எம். விஜயனும் ஜோ போல் அஞ்சேரியும், சிக்கிமிலிருந்து பாய்ச்சுங் பூட்டியாவும், பெங்களூரிலிருந்து கார்ல்டன் சப்மனும் பக்வாராவுக்கு வந்தனர். இவர்களுள் விஜயனின் வரலாறு கேட்பதற்குரியது. திருச்சூர் மைதானத்திலே சிறுவயதில் சோடா விற்றவர் அவர். அவரது ஆட்டத்தைக் கண்டு கேரளப் பொலிசு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பொலிசு உத்தியோகமும், பின்னர் பெருங்கழகங்களின் அழைப்பும் அவரை வறுமையிலிருந்து மீட்டன. நிறுவனமொன்று கைகொடுத்திராவிடில், அந்தச் சிறுவனின் திறமை சோடாப் போத்தல்களோடு மறைந்துபோயிருக்கவும் கூடும்.

1995, 1996 ஆகிய ஆண்டுகளில் ஆலையணி கூட்டிணைப்புக் கிண்ணத்தை வென்றது. இந்தியாவின் முதலாவது தேசிய லீக் போட்டி 1996ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிற்று. 12 அணிகள் களம் இறங்கின. சென்னையின் இந்தியன் வங்கி அணியும் அவற்றுள் ஒன்று. பயிற்றுநர் சுக்விந்தர் சிங்கின் வழிகாட்டலில் ஜே. சி. டி. முதலிடம் பெற்றது. 14 கோல்களை அடித்த பூட்டியா கோலடித்தோருள் முதல்வரானார். கல்கத்தாவின் பெருங்கழகங்களையும் கோவாவின் கழகங்களையும் பின்தள்ளி, ஒரு நெசவாலையின் அணி நாட்டின் முதல் லீக் வாகையைச் சூடியது.

ஆனால் அந்த வெற்றியோடு காலமும் மாறிற்று. கூடுதலான பணம் கொடுக்க வல்ல புதிய கழகங்கள் தோன்றின. 1997இல் கொச்சியிலே அமைந்த கழகத்துக்கு விஜயன் முதலானோர் சென்றனர். ஆலையணி சில ஆண்டுகள் தளர்ந்து, மீண்டும் எழுந்தது. இளம் சுனில் சேத்ரி ஆடிய 2006-07ஆம் ஆண்டுப் போட்டியில் டெம்போவுக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றது. பின்னர் 2010-11இல் உயர் பிரிவிலிருந்து கீழிறங்கியது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், போட்டிகளுக்குப் போதிய விளம்பரமும் பார்வையாளர் ஆதரவும் இல்லையென்று கூறி, நிருவாகம் அணியைக் கலைத்தது. 40 ஆண்டுக்காலக் கழகம் ஓர் அறிவிப்போடு முடிவுற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1962 முதல் இயங்கி 2005-06இல் லீக் வாகை சூடிய பம்பாயின் மகிந்திரா அணியும் களத்தைவிட்டு நீங்கியிருந்தது.

இந்த முடிவு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கம்பனி அணிகளின் தாயகம் என்று சொல்லத்தக்க தென்கொரியாவிலும் இதே கதை நிகழ்ந்தது. அங்கே வங்கிகளும் புகையிரதப் பகுதியும் உருக்காலையும் தத்தம் அணிகளை வைத்திருந்தன. 1983இல் அந்நாட்டின் தொழில்முறை லீக் தொடங்கியபோது, அதில் இடம்பெற்றவையும் பெரும்பாலும் கம்பனி அணிகளே. அதற்கு அடுத்த படியிலே, சம்பளம் பெறும் பணியாளரைக் கொண்ட அரைத்தொழில்முறை அணிகள் தனியாக ஆடிவந்தன.

அவற்றுள் ஒன்று உல்சான் நகரத்து ஹியுண்டாய் மிப்போ கப்பல் தளத்தின் அணி. 1998இல் தோன்றிய இது 2005ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சங்கக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, ஒரே கோலினால் தோற்றது. 2007இல் தன் பிரிவில் முதலிடம் பெற்று மேல்லீக்குக்கு உயரும் வாய்ப்பைப் பெற்றபோதும், அவ்வாய்ப்பை ஏற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் கூக்மின் வங்கியின் அணியும் அவ்வாறே மறுத்திருந்தது. வென்றவன் மேலே ஏறாமல் நிற்பது விளையாட்டுக்கு விந்தையே. ஆனால் ஏறுவதா நிற்பதா என்று தீர்மானித்தவர்கள் ஆட்டக்காரரோ இரசிகரோ அல்லர். 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடிய கப்பல் தள அணி, அந்த நான்காம் வெற்றியின் ஆண்டிலேயே கலைக்கப்பட்டது. கப்பல் கட்டும் தொழில் நலிவுற்ற காலம் அது. களத்தில் தோல்வி காணாத அணியைக் கணக்கேடு தோற்கடித்தது.

கூக்மின் வங்கியின் அணி 2012இன் முடிவிலே மறைந்தது. எனினும் அதன் ஆட்டக்காரர் பலருக்கு ஒரு புகலிடம் கிடைத்தது. அன்யாங் நகரத்தார் 2013இல் களமிறக்கிய புதிய கழகம் அவர்களை ஏற்றுக்கொண்டது. அது கம்பனியின் உடைமையன்று, நகரத்தின் கழகம். பக்வாராவின் ஆட்டக்காரருக்கு அத்தகைய மாற்றிடம் அமையவில்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு ஆலைகளைப் பழிப்பது முறையாகாது. இந்தர் சிங்கை அரவணைத்ததும், விஜயனையும் பூட்டியாவையும் ஒரே அணியிலே நிறுத்தியதும் ஆலையே. “பந்தடித்தால் சோறு கிடைக்குமா?” என்ற கேள்விக்கு, 40 ஆண்டுகளாக “கிடைக்கும்” என்று அது செயலால் விடை சொன்னது. குறை வேறிடத்தில் இருந்தது. அணிக்கு ஊதியம் தர ஆலை இருந்தது. ஆலை கையை விட்ட நாளில் அணியைத் தாங்குவதற்கு ஊர் ஆயத்தமாக இருக்கவில்லை.

மட்டக்களப்புப் பகுதி மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1956இல் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்ததையும், அது தளர்ந்தபோது அக்குடும்பங்கள் தளர்ந்ததையும் அவர்கள் கண்டவர்கள். ஓர் அணிக்குக் கம்பனியின் பணம் வருமாயின் அது நன்றே. ஆயினும் உறுப்பினர் செலுத்தும் சிறு சந்தாவும், மைதானத்தைச் செப்பனிடும் ஊராரின் கைகளும் அதனோடு சேர்ந்திருத்தல் வேண்டும். கரடியனாற்றின் வயல்வெளியில் பந்தைத் துரத்தும் சிறுவனுக்கு நாளை ஒரு நிறுவனம் சீருடை கொடுக்கலாம். அந்நிறுவனம் போன பின்னும் அவன் ஆடுவதற்கு ஓர் அணி இருக்குமா என்பது, வரம்பிலே நின்று பார்ப்பவர்களைப் பொறுத்தது.