சோறு ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம்

தமிழ்நாட்டுச் சாலைகளில் தனியே சுற்றும் வெளிநாட்டுப் பயணி முதலில் தடுமாறுவது 'ஓட்டல்' என்ற பலகையைப் பார்த்துத்தான். உள்ளே இலையும் சாம்பாரும் உண்டு, கட்டில் இல்லை. படுக்க இடம் வேண்டுமானால் 'லாட்ஜ்' தேட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு சொல், தங்கலுக்கு ஒரு சொல் என்று நாம் பிரித்துக்கொண்டோம். இரண்டுக்கும் சேர்த்து முன்பு நம்மிடம் இருந்த சொல் 'சத்திரம்'.

வடமொழியில் 'சத்ர' என்பது பல நாள் நீளும் சோம வேள்வியின் பெயர். உட்கார்தலைக் குறிக்கும் 'சத்' என்ற வேரிலிருந்து வந்தது. பலர் கூடி அமர்ந்து நடத்துவது என்று பொருள். கூடி அமர்ந்த இடத்தில் சோறும் உண்டு என்பதாலோ என்னவோ, பிற்காலத்தில் அன்னதானத்துக்கும் அது நடக்கும் கட்டடத்துக்கும் அதுவே பெயராயிற்று. அசாமில் அதே சொல் வைணவ மடத்தைக் குறிக்கிறது; மாஜுலித் தீவின் சத்ராக்களில் வளர்ந்ததுதான் சத்ரிய நடனம். தமிழில் அது வழிப்போக்கரிடம் வந்து சேர்ந்தது.

இங்கும் அதன் உயிர் சோற்றில்தான் இருந்தது. 'சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தய்யங்கார் அப்பணையா?' என்பது பழமொழி. யார் உத்தரவும் தேவையில்லாத சாப்பாடு என்பதே அதன் கருத்து. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தில் சோற்றோடு பள்ளியும் வைத்தியமும் இருந்தன. சென்னையில் 1780களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான்: ஹோட்டல், ஹாஸ்பிடல் இரண்டும் விருந்தினரைக் குறித்த ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள்.

1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பாதைகள் நீள நீள, நடைவழிச் சத்திரங்களில் கூட்டம் குறைந்தது. ரயிலடியிலும் பேருந்து நிலையத்திலும் இறங்கியவர்களுக்குக் காசுக்குச் சோறு போட உடுப்பிக்காரர்கள் உள்ளிட்ட பலர் கடை திறந்தார்கள். காசுக்கு அறை விட வேறு சிலர் வந்தார்கள். 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று ஒரே பலகையில் இரண்டையும் எழுதியவர்களும் உண்டு. பேச்சில் நிலைத்தது பின்பாதிதான். அதுவும் 'லாட்ஜ்' என்று சுருங்கியது. முன்பாதியின் இடத்தை ஓட்டல் எடுத்துக்கொண்டது.

இதைச் சத்திரத்தின் வீழ்ச்சி என்று வருந்தத் தேவையில்லை. பல சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் பந்தி நடந்தது. தானத்தை வாங்கியவர் பேரம் பேச முடியாது. ஓட்டலிலும் சாதி பார்ப்பது உடனே ஒழியவில்லை. பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கக் கோரி 1957இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஆனாலும், காசு கொடுத்தவர் உரிமையோடு கேட்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது அந்த வியாபாரம்தான். லாட்ஜ் மட்டும் இன்னும் முழுதாகத் தேறவில்லை. பெண் தனியாக வந்து நின்றால் 'கூட யாரும் வரலையா?' என்று கேட்கும் முன்மேசைகள் உண்டு. அறை இல்லை என்று கைவிரிப்பவையும் உண்டு.

சத்திரம் என்ற சொல் அழியவில்லை. ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம் என்று ஊராகவும், திருச்சியில் பேருந்து நிலையமாகவும் இருக்கிறது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரம் தமிழ் யாத்திரிகருக்கு இன்றும் இடம் கொடுக்கிறது. மற்றபடி சோறும் பாயும் ஒருசேரக் கிடைப்பது கல்யாணச் சத்திரத்தில் மட்டும்தான். அதற்குப் பத்திரிகை வந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கென்று இருந்த சொல், கடைசியில் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது.