உள்ளங்கையும் ஒன்பதாம் எண்ணும்

தீண்டல், நிறம், சாதி என்று எல்லாமே தோலின்மீது எழுதப்பட்டிருக்கிற நமது சூழலில், தோலைச் சோதனைச்சாலையில் வளர்த்து ‘இது தோல்தான்’ என்று சான்று கொடுக்கும் அதிகாரம் கெரட்டின் என்ற புரதத்துக்கு எப்படிப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வரலாறு துணியிலிருந்துதான் தொடங்குகிறது. பிள்ளையார்பாளையத்துக்காரனான எனக்கு இது ஒன்றும் ஆச்சரியமில்லை.

1928இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் நெசவு இயற்பியல் பணிக்கு வந்த வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழையை எக்ஸ்ரே படமெடுத்தார். கம்பளி, முடி, நகம், மேல்தோல் எல்லாம் கெரட்டின். ஈரமாக்கி இழுத்த முடியின் படம் பட்டிழையின் படத்தை ஒத்திருந்தது. (பட்டு கெரட்டின் அல்ல, ஃபைப்ராயின். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை போக்கினால் மிஞ்சுகிறதே, அதுதான்.)

1975இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் எலிச் செல்களை அடியில் பரப்பி மனித மேல்தோல் செல்களைப் பெருக்கினார்கள். 1981இல் அது தீக்காயங்களுக்குப் போனது. 1982இல் மோல், ஃபிராங்கே குழுவினர் மனிதக் கெரட்டின்களுக்கு 1 முதல் 19 வரை எண் போட்டார்கள். அடியடுக்கில் 5, 14. செல் மேலேறும்போது 1, 10. காயம் ஆறும்போது 6, 16. ஒட்டிய தோலில் 6, 16 மறையாவிட்டால் அது இன்னும் தன்னைக் காயமாகவே பாவிக்கிறது என்று பொருள்.

ஆனால் உள்ளங்கையில் 6, 16 எப்போதுமே உண்டு. வேறிடத்தில் காயத்தின் குறி, உழைக்கிற கையில் அன்றாடம்! எது ‘இயல்பு’ என்று கேட்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். 9ஆம் எண்ணோ உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் மட்டுமே சொந்தம். அது பிறவிக்குணமா? இல்லை. 1999இல் யமகுச்சி குழுவினர் உடம்புத் தோலின் செல்களை உள்ளங்கையின் அடித்தோல் செல்களோடு சேர்த்து வளர்த்தபோது, அவையும் 9ஐ உண்டாக்கின. அடியில் இருக்கிறவன் யாரோ, மேலே இருப்பது அதுவாகிறது. சாராம்சவாதிகளுக்கு இதைவிட எளிமையா எப்படிச் சொல்றது?

கிரீன் வழிவந்த ‘எபிசெல்’ 2007இல் அமெரிக்க அனுமதி பெற்றது, உடம்பில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வெந்தவர்களுக்கு. சாயப்பட்டறைக் கொதிநீரில் கை மட்டும் வெந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்குத் தொடையிலிருந்து சீவி ஒட்டுவதுதான் நடைமுறை. உள்ளங்கையின் அடித்தோல் மிஞ்சியிருந்தால் அந்தத் தொடைத்தோல் மெல்ல 9ஐக் கற்றுக்கொள்ள வழியுண்டு. அதுவும் வெந்துபோயிருந்தால், அது நாடா தள்ளுகிற கையில் தொடைத்தோலாகவே உட்கார்ந்திருக்கும்.