பெங்களூரின் சுருங்கைகள்: மண்ணுக்கடியில் முதிர்ந்த குழாய்களும் அவற்றைச் செப்பனிடும் வழிகளும்

நமது மலர்களில் காப்பியம், கல்வெட்டு, கோயில் என்று எழுதுவதே வழக்கம். இம்முறை பாதாளச் சாக்கடையைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். வாசகப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் முன்னோர் இதைப் பாடுவதற்குக் கூச்சப்படவில்லை. மணிமேகலையில் கச்சிமாநகர் புக்க காதையின் தொடக்கத்தில் வஞ்சி நகரத்து அகழி வருகிறது. வீடுகளில் பெண்கள் கூந்தல் கழுவிய வாசனை நீர் 'சுருங்கைத் தூம்பு' வழியாக வந்து அந்த அகழியில் கலக்கிறதாம். சுருங்கை என்றால் மறைந்து செல்லும் வழி. தூம்பு என்றால் உள்ளே துளையுள்ள குழாய். சிலப்பதிகாரத்தில் மதுரையிலும் ஒரு சுருங்கை உண்டு. ஆனால் அது யானைக் கூட்டம் போகிற அளவுக்குப் பெரியது. கீழடியில் 2019-இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்களே கிடைத்தன. ஆக, பொருளும் நமக்குப் புதிதல்ல, சொல்லும் புதிதல்ல.

எங்கள் சமண நெறியில் துறவியருக்கு ஐந்து சமிதிகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. நடக்கும்போது, பேசும்போது, உணவு ஏற்கும்போது, பொருளை எடுத்து வைக்கும்போது கவனம் வேண்டும் என்பவை முதல் நான்கு. ஐந்தாவது உத்சர்க்க சமிதி. உடற்கழிவை எந்த உயிருக்கும் தீங்கு வராத இடம் பார்த்து விடவேண்டும் என்பது அதன் பொருள். மலம் கழிப்பதைக்கூட அகிம்சையின் ஒரு பகுதியாக வைத்தார்கள். ஒரு முனிவருக்கு இது எளிது. கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊருக்கு எப்படி?

பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். இங்கே விழும் தண்ணீர் நிற்காது. மேற்கே சரிவது விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகும். கிழக்கே சரிவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு, அதாவது ஓசூர் கெலவரப்பள்ளிக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் போகும். இரண்டு பக்கமும் முடிவு தமிழ்நாடுதான். இங்கே உடைந்த ஒரு குழாயின் நீரை நம் சொந்தக்காரர்களின் வயல் குடிக்கிறது என்பதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

தண்ணீர் முதலில், சாக்கடை பிறகு

பெங்களூரின் நீர் வரலாற்றில் ஒரு வழக்கம் மாறவேயில்லை. தண்ணீர் முதலில் வரும், அது போகும் வழி பல வருடம் கழித்து வரும். 1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்கு முன் கிணறுகளும், தர்மாம்புதி, சம்பங்கி, அலசூர் போன்ற ஏரிகளும்தான். (தர்மாம்புதிதான் இன்றைய மெஜஸ்டிக் பேருந்து நிலையம், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆகிவிட்டது.) 1898 ஆகஸ்டில் பிளேக் வந்தது. நெருக்கமான பேட்டைகளில் மக்கள் மடிந்தார்கள். அந்தப் பயத்தில்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக வளர்ந்தன, கண்டோன்மென்ட் பக்கம் பிரேசர் டவுன் பிறந்தது. புதிய பேட்டைகளில் வீடுகளுக்குப் பின்னால் கன்சர்வென்சி லேன் என்று ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்தில் வந்து மலத்தை அள்ளிக்கொண்டு போக மனிதர்கள் இருந்தார்கள். வீடு சுத்தமானது, அந்த மனிதர் சுத்தமாகவில்லை. பழைய மல்லேஸ்வரத்தில் அந்தச் சந்துகள் இன்னும் தெரிகின்றன.

பாதாளச் சாக்கடை 1922-இல்தான் தொடங்கியது. ஊர் முழுவதற்குமான விரிவான திட்டம் 1950-ஐ ஒட்டி வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1949-இல், சிட்டியும் கண்டோன்மென்டும் ஒரே மாநகராட்சியாகியிருந்தன. 1964-இல் குடிநீர் கழிவுநீர் வாரியம், கன்னடத்தில் நாம் சொல்லும் ஜலமண்டளி, அமைந்தது. 1974-இல் காவிரி முதல் கட்டம் வந்தது, நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். 2024 அக்டோபரில் திறந்த ஐந்தாம் கட்டம் மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். வீட்டுக்கு வரும் நீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கடையில் சரக்கு உள்ளே வருவதற்குப் பெரிய கதவும், வெளியே போவதற்குச் சின்ன ஜன்னலும் வைத்தால் என்னவாகும்? ஊரின் நிலைமை அப்படித்தான். நடுப்பகுதியிலுள்ள பழைய குழாய்கள் ஹெசரகட்டா, திப்பகொண்டனஹள்ளி காலத்து நீரளவுக்குப் போட்டவை. இப்போது அவற்றில் காவிரி இறங்குகிறது.

குழாய் எப்படிச் சாகிறது

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்ப காலத்தில் போட்டவை உப்பு மெருகிட்ட சுடுமண் குழாய்கள், ஸ்டோன்வேர் என்பார்கள். இந்த மண் குழாயை அமிலம் ஒன்றும் செய்யாது. அது தோற்பது மூட்டில்தான். சணலும் சிமெண்டுக் கலவையும் வைத்து அடைத்த மூட்டுகள் நாளாவட்டத்தில் விடும். அந்த இடைவெளியில் மரத்தின் வேர் நுழையும், மழைக்காலத்தில் சுற்றியுள்ள மண் உள்ளே இறங்கும். மேலே பஸ் லாரி ஓடும்போது அடியில் மண் இல்லாத குழாய் விரியும். ஒரு நாள் காலையில் நடுரோட்டில் பள்ளம் விழும்.

பின்னால் வந்த கான்கிரீட் குழாயின் நோய் வேறு. கழிவுநீர் மெதுவாக ஓடினால் அல்லது தேங்கினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு எழும்பும். குழாயின் மேல் வளைவிலுள்ள ஈரத்தில் அது ஒட்டும்போது, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். இதை 1945-இல் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் கண்டு சொன்னார். அமிலம் கான்கிரீட்டைத் தின்னும். அடிப்பாகம் நன்றாகவே இருக்கும், கூரை மட்டும் மாவாக உதிரும். முழுசாக நிரம்பி ஓடினால் கூரையில் வாயு தங்க இடமில்லை. பாதி ஓடுகிற பெருங்குழாய்க்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

கான்கிரீட்டைத் தின்னும் இந்த வாயுதான் மனிதனையும் கொல்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைப்பார், அடுத்த மூச்சில் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். உடைந்த மூட்டு வழியாக மண் இறங்குகிறது, மண் சேர்ந்து அடைப்பாகிறது, அடைப்பில் நீர் தேங்கி வாயு கிளம்புகிறது, அந்த அடைப்பை எடுக்க ஒருவரை உள்ளே இறக்குகிறார்கள். குழாயைச் செப்பனிடாமல் விடுவதும் மனிதனை இறக்குவதும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் இதை ஒரே ஏட்டில் எழுதுவதில்லை என்பது என் குறை.

கர்நாடகத்தில் தலையில் மலம் சுமப்பதை 1970-களில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பசவலிங்கப்பா தடை செய்தார். கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன் இந்தக் கொடுமைக்கு எதிராகச் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனை நடத்தி 2016-இல் மகசேசே விருது பெற்றார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. சட்டம் இறங்கக்கூடாது என்கிறது. ஆனால் குழாய் நல்ல நிலையில் இருந்தால்தானே இறங்க வேண்டிய அவசியம் போகும்?

தோண்டாமல் செப்பனிடுவது

பழைய வழி எல்லாருக்கும் தெரியும். ரோட்டைத் தோண்டு, குழாயை எடு, புதுசு போடு, மூடு. அகலமான ரோட்டில் சரி. சிக்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் இதைச் செய்தால் வியாபாரம் படுத்துவிடும். என் கடை இருக்கும் தெருவில் ஒரு முறை பள்ளம் தோண்டி மாதக்கணக்கில் மூடவில்லை. பலகை போட்டு வாடிக்கையாளரைக் கைபிடித்து உள்ளே அழைத்தோம். ஒப்பந்தக்காரர் போடும் மதிப்பீட்டில் அந்த நஷ்டம் ஒரு வரியாகக்கூட வராது. தோண்டாத முறை விலை அதிகம் என்று சொல்பவர்கள் இதையும் கூட்டிச் சொல்ல வேண்டும்.

1971-இல் லண்டனில் ஹாக்னி என்ற பகுதியில் எரிக் உட் என்ற பொறியாளர் ஒரு புது யோசனை செய்தார். சுமார் நூறு வயதான செங்கல் சாக்கடை, 70 மீட்டர் நீளம். பஞ்சுக் கம்பளம் போன்ற துணியால் நீண்ட உறை தைத்து, அதைப் பிசினில் ஊறவைத்து, ஆள்குழி வழியாக உள்ளே செலுத்தினார். தலையணை உறையை உள்வெளியாகத் திருப்புவோம் அல்லவா, இப்போது அதே மாதிரி தண்ணீரின் அழுத்தத்தில் உறையைத் திருப்பிக்கொண்டே போகிறார்கள். ஊறிய பக்கம் பழைய சுவரோடு ஒட்டும். பிறகு வெந்நீரோ நீராவியோ விட்டால் பிசின் இறுகிக் கல்லாகும். பழைய குழாய்க்குள் மூட்டே இல்லாத புதுக் குழாய்! கண்ணாடி நார் உறையாக இருந்தால் இப்போது புற ஊதா விளக்கை உள்ளே இழுத்து இறுக்குகிறார்கள். வீட்டு இணைப்புகளின் வாய் அடைபட்டிருக்கும். சிறிய வெட்டும் இயந்திரத்தைக் கேமராவோடு உள்ளே அனுப்பி ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். உள்விட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் வழவழப்பால் ஓட்டம் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

இன்னொன்று எளிய வழி. பெரிய பழைய குழாய்க்குள் சற்றுச் சிறிய பாலிஎத்திலீன் குழாயை இழுத்துவிட்டு, இடைவெளியில் சிமெண்டுப் பால் ஊற்றுவது. மலிவு, ஆனால் இடம் அதிகம் போய்விடும். ஏற்கெனவே நிரம்பி வழியும் பெங்களூர்க் குழாய்க்கு இது எல்லா இடத்திலும் பொருந்தாது. நமக்குக் குழாய் பெரிதாக வேண்டும் என்றால் உடைத்து இழுக்கும் முறை உண்டு. பிரிட்டனில் எரிவாயுக் குழாய்களுக்காக 1970-களின் இறுதியில் உருவாக்கியது. இரு முனையிலும் இரண்டு குழி மட்டும் தோண்டி, கூம்பு போன்ற தலையை உள்ளே இழுப்பார்கள். அது பழைய மண் குழாயை நொறுக்கிச் சுற்றிலும் ஒதுக்கும், பின்னாலேயே புதிய, பெரிய குழாய் வந்து உட்காரும். பக்கத்திலேயே குடிநீர்க் குழாயும் கேபிளும் நெருக்கிக் கிடக்கும் பேட்டைத் தெருக்களில் இதற்குத் துணிச்சல் வேண்டும். எது எங்கே கிடக்கிறது என்ற வரைபடம் முதலில் கையில் வேண்டும்.

எந்த முறையானாலும் முதல் வேலை ஒன்றுதான். குழாயைக் கழுவிக் கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பது. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. டெல்லியிலும் மும்பையிலும் பழைய பெருஞ்சாக்கடைகளைத் தோண்டாமல் செப்பனிட்டிருக்கிறார்கள். பெங்களூரில் 2005-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்ட நிதியில் பள்ளத்தாக்குகளின் பழைய பெருங்குழாய்களை மாற்றும் வேலை நடந்தது. இந்தப் பெருங்குழாய்கள் பெரும்பாலும் ராஜகாலுவெயை ஒட்டியே போகின்றன. உடைந்தால் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்விடும். பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும், 2017 பிப்ரவரியில் தண்ணீர் மேலேயே தீப்பிடித்ததும் உலகமே பார்த்தது. 2018 முதல் கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது. நிலையத்தை எட்டாத கழிவைச் சுத்திகரிக்க முடியாது என்பதால் கோலாரின் கிணறுகூட இந்தக் குழாய்களைத்தான் நம்பியிருக்கிறது.

கடைசியாக நம் வீட்டு வாசல். வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை போகும் இணைப்பு பழைய வீடுகளில் அதே ஸ்டோன்வேர்தான். மொட்டை மாடி மழைநீரையும் பலர் அதிலேயே விட்டிருக்கிறார்கள். மழையில் ஆள்குழி மூடி தூக்கிக்கொண்டு பொங்குவதற்கு அது ஒரு பெரிய காரணம். தெருவுக்கு ஒயிட் டாப்பிங் என்று கான்கிரீட் போட்டபின் தோண்டுவது பெரும்பாடு. ரெசிடென்சி ரோடு போன்ற டெண்டர்ஷூர் சாலைகளில் மேலே அழகு செய்யும் முன்னால் அடியிலுள்ள குழாய்களையும் கேபிள்களையும் ஒழுங்கு செய்தார்கள். உங்கள் தெருவுக்குக் கான்கிரீட் வருகிறது என்று தெரிந்தால், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஜலமண்டளிக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் அடியிலுள்ள குழாயைக் கேமராவில் பார்த்து, அந்தப் பதிவின் ஒரு பிரதியைத் தரச்சொல்லிக் கேளுங்கள்.