பழைய காரில் ஒலிபெருக்கி மாற்றம்: மீள்வழி குறித்த ஓர் ஆய்வு

1. வரையறை

ரேடியோவிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியைச் செல்வழி என்றும், சுற்று முடியத் திரும்பும் பாதையை மீள்வழி என்றும் வழங்குவோம். காரின் இரும்புடலே அப்பாதையானால் உடல்மீள்வழி. தனிக் கம்பி இருந்தால் கம்பிமீள்வழி. ஒலிபெருக்கி மாற்ற முனைவோர் பெரும்பாலும் கூம்பின் அளவையும் வாட்டையுமே முதலில் பார்க்கின்றனர். மீள்வழியைத் தெளிந்த பின்னரே மற்றவை என்பது நம் துணிபு.

2. இருவகைப் பெருக்கிகள்

பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு முனை உடலோடு சேரும்; இது ஒருமுனைப் பெருக்கி. கம்பி மிச்சம், தீங்கும் இல்லை. இன்றைய ரேடியோக்களின் பெருக்கியோ பாலவகை (பிரிட்ஜ்). அதில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் எர்த்திலிருந்து, அதாவது உடலிலிருந்து, ஏறத்தாழ 7 வோல்ட் உயர்ந்து நிற்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில் 4 ஓம் ஒலிபெருக்கிக்கு ஒருமுனைப் பெருக்கி கோட்பாட்டளவில் 6.5 வாட்டே தரும். பாலவகை அதன் நான்கு மடங்கு, ஏறத்தாழ 26 வாட் தரும். அந்த ஆதாயத்துக்கு விலை ஒன்று உண்டு: எந்த ஒலிபெருக்கிக் கம்பியும் உடலைத் தொடலாகாது. தொட்டால் காப்புச்சுற்று பெருக்கியை நிறுத்தும். காப்பு தவறினால் பெருக்கியே கருகும்.

ஆகவே பழைய கம்பிகளை நம்பிப் புதிய ரேடியோவைப் பொருத்தக் கூடாது. ரேடியோவையும் ஒலிபெருக்கிகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்க வேண்டும். பின் இடப்பக்க, வலப்பக்க மீள்கம்பிகளுக்கு இடையேயும் பார்க்க வேண்டும். உடலைத் தொடாமலே இரண்டும் ஒரு முடிச்சில் கூடியிருப்பதுண்டு. பலர் தவறவிடும் இடம் இதுவே. ஐயமிருந்தால் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் புதிதாக இரட்டைக் கம்பி இழுப்பதே நேரிய வழி.

3. எர்த்தின் முனை

1967 வரை வந்த எம்.ஜி.பி. கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு சேர்ந்திருந்தது. புதிய ரேடியோவின் உலோகப் பெட்டி எதிர்முனை. பெட்டியை ரப்பர் சுற்றிப் பிரித்தாலும் போதாது; ஆன்டெனாக் கேபிளின் வெளிப்பின்னல் உடலையும் பெட்டியையும் இணைத்துவிடும். அங்கேயே குறுக்குச்சுற்று.

காரையே எதிர்முனை எர்த்துக்கு மாற்றுவதை நாம் பரிந்துரைக்கிறோம். இருக்கைக்குப் பின்னுள்ள இரு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பைத் தலைகீழாக்க வேண்டும். டைனமோவின் எஃப் முனையிலுள்ள கம்பியைக் கழற்றி, அம்முனையில் பேட்டரி நேர்முனையைக் கணநேரம் தொட்டு அதன் காந்தத்தைத் திருப்ப வேண்டும். பற்றவைப்புச் சுருளின் கம்பிகளை மாற்ற வேண்டும். மின்னணுச் சுழல்மானி இருந்தால் அதன் உட்சுற்றும் மாற்றம் கோரும்.

4. மின்மறுப்பு

பழைய அமெரிக்க ரேடியோக்கள் சில 10 ஓம் ஒலிபெருக்கிக்கென வடிக்கப்பட்டவை. பழைய ரேடியோவையே வைத்துக்கொள்பவர் அதற்குரிய மின்மறுப்பையே நாட வேண்டும். இரு 4 ஓம் ஒலிபெருக்கிகளை இணையாகச் சேர்த்தால் 2 ஓம், பெருக்கி சூடேறும்.

5. முனைமை

1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் குறியிட்ட முனையிலும் எதிர்முனையை மற்றதிலும் வைத்தால் கூம்பு வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் குறி பிழை. பக்கத்துக்கொன்றாய் உள்ள கூம்புகள் எதிரெதிரே அசைந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கதவின் அட்டையை மூடுமுன் இச்சோதனையை முடித்துவிட வேண்டும்.