கோட்டைச் சிறையில் ஒரு பாதிரியார்

1708 நவம்பர் 19. தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டைக்குள் 26 வயதுப் பாதிரியார் ஒருவரைச் சிறை வைத்தார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்க் என்பது அவர் பெயர். ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். சிறை வைத்தவர் தஞ்சை மன்னரின் அதிகாரி அல்லர். சீகன்பால்க் தொழுத அதே கிறிஸ்துவைத் தொழுத டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ்!

அவர் வந்திறங்கிய அன்றே பகை தொடங்கிவிட்டது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்க்கும் அவருடைய தோழர் ஹென்ரிக் புளூட்சாவும் 1706 ஜூலை 9 அன்று கரையேறினார்கள். ஹாசியஸ் இருவரையும் வெயிலில் நெடுநேரம் காக்க வைத்தார். பிறகு சந்தைத் தெருவில் அப்படியே விட்டுவிட்டுப் போனார். மன்னரின் கடிதம் கையில் இருந்தும் தங்க ஓர் இடமில்லை. மிளகும் துணியும் வாங்க வந்த டேனிஷ் வணிகக் கம்பெனிக்கு, உள்ளூர் மக்களிடம் மதம் பேசுபவர்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சலாகவே தெரிந்தார்கள்.

சீகன்பால்க் சோர்ந்துவிடவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். சிறுவர்களுக்கு நடுவே தாமும் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதினார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளைச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியலும் தயாரித்தார். யாரிடம் பேச வந்தாரோ அவர்களுடைய நூல்களை முதலில் படித்தார் என்பதுதான் அவரிடம் நாம் வியக்க வேண்டிய துணிச்சல்.

1707 மே 12 அன்று முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். எஜமானர்களுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்து மனம் மாறிய தமிழர்களையோ சொந்தபந்தமே ஒதுக்கிவைத்தது. சிறைக் கதவு போதகருக்கு ஒருநாள் திறந்துவிடும். உறவை இழந்தவர்களுக்கு அப்படியொரு நாள் எளிதில் வராது. இந்த வரலாற்றில் அவர்கள் பட்ட பாடு மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

கைதுக்குக் காரணம் ஒரு கடன் வழக்கு. கணவனை இழந்த ஏழைப் பெண்ணொருத்திக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சீகன்பால்க் பரிந்து பேசினார். ஹாசியஸ் அதை அதிகாரத்துக்கு எதிரான கலகமாக எடுத்துக்கொண்டார். நான்கு மாதச் சிறை. எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை அவர் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எழுதாமல் இருக்க முடியாத மனிதருக்கு அந்த வெறுங்கை நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும்!

1709 மார்ச்சில் விடுதலையானார். நேராகப் போய் உட்கார்ந்தது அதே மொழிபெயர்ப்பு மேசையில். 1711 மார்ச்சில் கடைசி வரியை முடித்தார். அடுத்தது அச்சு வேலை. லண்டனிலிருந்து புறப்பட்ட அச்சு இயந்திரம் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. தரங்கம்பாடியிலேயே ஈயத்தைக் காய்ச்சிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளும் அதில் உருகின. 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சேறியது.

தாயகத்திலிருந்தும் அடி விழுந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது வெளிவந்தது 1867-ல். கோபன்ஹேகனில் மிஷன் பொறுப்பில் இருந்தவர்களோ பணத்துக்கும் கட்டடங்களுக்கும் கடுமையாகக் கணக்குக் கேட்டார்கள். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டையானது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், அவர் இறந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போது பழைய ஏற்பாட்டை ஆதியாகமம் முதல் ரூத் வரை தமிழாக்கியிருந்தார். கடைசியாக அவர் தமிழாக்கிய ரூத்தும் கணவனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணின் கதைதான்.