வேபரின் வோல்ற்ஸ் பாரிசுக்குப் போன கதை

பிக்கரிங்கில் எம்மவர் பிள்ளைகள் பலர் பியானோ பழகுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாசிக்கும் வோல்ற்ஸ் அவர்களுக்குப் புதிதல்ல. பத்து விரல்களுக்கென எழுதிய ஒரு வோல்ற்ஸ் பெரும் வாத்தியக் குழுவுக்கு இடம்பெயர்ந்தபோது எது மாறியது, எது மாறவில்லை என்பது நாமும் அறியவேண்டிய வரலாறு.

1819 இல் ஜேர்மன் இசையமைப்பாளர் கார்ல் மரியா ஃபொன் வேபர் ‘நடனத்துக்கு அழைப்பு’ என்ற பியானோ இசையை எழுதி, மனைவி கரோலினுக்குச் சமர்ப்பித்தார். ஒருவன் ஒருத்தியை ஆட அழைக்கிறான், அவள் தயங்கிப் பதில் சொல்கிறாள், ஆடுகிறார்கள், நன்றி கூறிப் பிரிகிறார்கள். 1826 இல் தமது புதிய ஓப்பராவுடன் இலண்டன் சென்ற வேபர், காசநோயால் 39 வயதில் அங்கேயே இறந்தார். அவரது எச்சங்கள் டிரெஸ்டன் திரும்பியது 1844 இல்தான்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன், 1841 இல், அவருடைய ‘டெர் ஃப்ரைஷூட்ஸ்’ பாரிஸ் ஓப்பரா அரங்குக்கு வந்தது. அங்கே வசனம் பேசலாகாது, எல்லாமே பாடப்படவேண்டும். பாலே நடனமும் கட்டாயம். வேபரின் படைப்பிலோ வசனம் உண்டு, பாலே இல்லை. பொறுப்பு ஹெக்டர் பேர்லியோசிடம் வந்தது. 1824 இல் வேறொரு பாரிஸ் அரங்கு இதே ஓப்பராவை வெட்டிக் கொத்தி மேடையேற்றியதில் மனம் கொதித்தவர் அவர். எதையும் வெட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். பாலேக்கு அவருடைய சொந்த இசையையே சேர்க்கலாம் என்றபோதும் மறுத்து, வேபரின் வோல்ற்ஸை எடுத்தார்.

வேபர் அதை டி-பிளாற் மேஜரில் எழுதியிருந்தார். கறுப்புக் கட்டைகள் நிறைந்த அந்தச் சுரவரிசை பியானோ விரல்களுக்கு இசைவானது. ஆனால் வயலினின் வெறுந்தந்திகளான ஜி, டி, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. பேர்லியோஸ் அரைச் சுரம் உயர்த்தி டி மேஜருக்குக் கொண்டுவந்தார். நான்கும் உள்ளே வந்தன. தந்திகள் கணீரென்று ஒலித்தன. அழைப்பவனின் குரலைத் தனிச் செல்லோவுக்கும், அவள் பதிலைக் குழல் வாத்தியங்களுக்கும் கொடுத்தார். இரண்டு ஹார்ப்களையும் சேர்த்தார். மெட்டிலும் அமைப்பிலும் கைவைக்கவில்லை.

எதையும் மாற்றாதே என்பவர்களும் எல்லாவற்றையும் மாற்று என்பவர்களும் எம்மிடையே உண்டு. பேர்லியோஸ் இரண்டு பக்கமும் நிற்கவில்லை. புதிய வாத்தியங்கள் தாமாக ஒலிக்க எது தேவையோ, அதை மட்டும் மாற்றினார்.

வேபர் எழுதிய அமைதியான முடிவையும் அப்படியே விட்டார். இன்றும் வோல்ற்ஸ் முழங்கி நின்றதும், முடிந்துவிட்டதென்று சபை கைதட்டிவிடுவதுண்டு. அதன் பிறகுதான் செல்லோ மெல்லத் திரும்பி வந்து நன்றி சொல்கிறது.